பால் போகும் வழி: அயர்லாந்துப் பயணக் குறிப்புகள்

சனி, டப்ளின்

முதலில் விசா சமாச்சாரத்தைச் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேருக்கு இது தெரியாது. அயர்லாந்துக் குடியரசு தனி நாடு. வட அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது. நம் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் சுற்ற இரண்டு விசா வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் சுற்றுலா விசாவில் பி.ஐ.வி.எஸ். (பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா திட்டம்) என்று ஒரு குறிப்பு போட்டுத் தருகிறார்கள். அது இருந்தால் ஒரே விசாவில் இரண்டு இடத்துக்கும் போகலாம். எந்த நாடு விசா கொடுத்ததோ அங்கே முதலில் இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு எல்லை தாண்ட வேண்டிய வேலை இருந்தது. வேலை என்றால், பால்.

அக்கா மகள் இங்கே நர்ஸ். அவளுக்கு ஐந்து மாதக் கைக்குழந்தை. அக்காவுக்கு முட்டிவலி, அவ்வளவு நேரம் விமானத்தில் உட்கார முடியாது. "பேரனைப் பார்த்துவிட்டு வாடி" என்று என்னை அனுப்பிவிட்டாள். நான் பணிக்காலம் முழுக்கப் பிரசவ வார்டில் நின்றவள். அதனால் நான் சொன்னால் மகள் கேட்பாள் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. வந்து பார்த்தால் சொல்லிக்கொடுக்க எதுவும் இல்லை. பையன் கொழுகொழுவென்று தாய்ப்பாலில் வளர்கிறான். அவளுக்குச் சுரப்பு அதிகம், மிச்சப் பாலைப் பீய்ச்சி ஃப்ரீசரில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறாள். பாட்டில் ஒவ்வொன்றிலும் தேதி. பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர், ஒரு குறிப்புத்தாள்.

"இதெல்லாம் யாருக்கும்மா?"

"குறைமாதக் குழந்தைகளுக்கு, சித்தி. எல்லைக்கு அந்தப் பக்கம் எனிஸ்கில்லனில் தாய்ப்பால் வங்கி இருக்கு. புதன்கிழமை கார்ல போறோம், நீங்களும் வாங்க."

தானாகக் கிடைத்த பயணத் திட்டம். ஏனென்றால் நான் இந்த நாட்டைப் பற்றிப் படித்திருந்ததே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். 2016-ல் லான்செட் மருத்துவ இதழ் உலக நாடுகளின் தாய்ப்பால் கணக்கை வெளியிட்டது. அயர்லாந்தில் ஒருமுறையாவது தாய்ப்பால் குடித்த குழந்தைகள் 55 சதவீதம். ஒரு வயதிலும் குடித்தவர்கள் 2 சதவீதம். பணமும் படிப்பும் நல்ல ஆஸ்பத்திரிகளும் உள்ள நாடு. இப்போது எண்ணிக்கை கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனாலும் உலகப் பட்டியலில் அடிவரிசைதான்.

ஞாயிறு, டப்ளின்

காலையில் பால் வாங்கப் போனோம் (மாட்டுப் பால்). சூப்பர் மார்க்கெட்டில் குழந்தைப் பவுடருக்கென்றே ஒரு சுவர். நின்று நிதானமாகப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து ஆறு மாதம் வரைக்கான முதல் நிலை டின்னில் குழந்தைப் படம் கிடையாது, தள்ளுபடி கிடையாது, பொதுமக்களைப் பார்த்து விளம்பரமும் செய்யக்கூடாது. ஐரோப்பியச் சட்டம். ஆனால் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட இரண்டாம் நிலைக்கு இத்தனை கட்டு இல்லை. அதே பெயர், அதே நிறம், அதே எழுத்து, நம்பர் மட்டும் வேறு. இரண்டுக்கு விளம்பரம் செய்தால் ஒன்றும் சேர்ந்து விற்கும். வியாபாரிக்குத் தெரியாதா?

இந்த ஒரு விஷயத்தில் நம் ஊர்ச் சட்டம் கெட்டி. 1992-ல் வந்த இந்தியச் சட்டப்படி இரண்டு வயது வரைக்கான எந்தப் பால் மாவுக்கும் விளம்பரம் கூடாது, டின்னில் குழந்தைப் படமும் கூடாது. நடைமுறையில் எப்படி என்று கேட்காதீர்கள்.

மாலையில் பக்கத்து வீட்டு அம்மாள் ஆப்பிள் கேக்கோடு வந்தார். எண்பதை நெருங்கும் வயது, ஐந்து பிள்ளைகள், எல்லாம் புட்டிப்பால். நான் நர்ஸ் என்று தெரிந்ததும் தாராளமாகப் பேசினார், அக்கா மகள் இடையில் மொழிபெயர்த்தாள்.

"ஆஸ்பத்திரியில் என்னை யாரும் கேட்கவே இல்லை. பால் வற்றுவதற்கு மாத்திரை கொடுத்தார்கள், வாங்கிப் போட்டுக்கொண்டேன். குழந்தைகள் எல்லாம் தனி அறையில் இருக்கும். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மணி அடித்த மாதிரி புட்டியோடு கொண்டு வந்து கையில் கொடுப்பார்கள்."

"உங்கள் அம்மா?"

"ஒன்பது பேருக்கும் தாய்ப்பால்தான். ஆனால் பால் மாவு வாங்க வழியில்லாதவர்கள் செய்யும் காரியம் அது என்று எங்களுக்கு ஒரு நினைப்பு. என் பெரியவள் பிறந்தபோது அம்மாவே 'நீயாவது நவீனமாக இரு' என்றுதான் சொன்னாள். அப்புறம் இன்னொன்று, அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் மார்பு என்ற வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொன்னது கிடையாது."

அவருடைய மகள்களும் புட்டிதான் கொடுத்தார்கள். இப்போது பேத்தி மாசமாக இருக்கிறாள். தாய்ப்பால் கொடுக்கப் போகிறாளாம். "எனக்கும் தெரியாது, அவள் அம்மாவுக்கும் தெரியாது. நாங்கள் என்ன ஒத்தாசை செய்ய முடியும், சொல்லுங்கள்?" என்றார். இரண்டு தலைமுறை விட்டுப் போயிருக்கிறது. பாட்டியோ அத்தையோ பக்கத்து வீட்டுக்காரியோ திண்ணையில் உட்கார்ந்து பால் கொடுப்பதை ஒரு பெண் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்திருந்தால் ஒன்று. பதினைந்து, இருபது வருடம் புட்டியை மட்டுமே பார்த்தவளுக்கு ஆஸ்பத்திரிச் சுவரில் 'தாய்ப்பாலே சிறந்தது' என்று ஒட்டினால் அவள் என்ன செய்வாள்? சிறந்தது என்பது அவளுக்கும் தெரியும்.

திங்கள், டப்ளின்

இங்கே அக்டோபர் முதல் வாரம் தேசியத் தாய்ப்பால் வாரம். நமக்கெல்லாம் ஆகஸ்ட் முதல் வாரம், இவர்கள் தனியாகக் கொண்டாடுகிறார்கள். வாரம் என்னவோ வரும் போகும். ஆனால் அக்கா மகள் வாராவாரம் போகும் தாய்மார் கூட்டத்துக்கு இன்று என்னையும் கூட்டிப்போனாள். நான் பார்த்ததில் உருப்படியான ஏற்பாடு இதுதான் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஒரு சமுதாயக் கூடம். மூலையில் கெண்டி கொதிக்கிறது, தட்டில் ஸ்கோன், வெண்ணெய், ஜாம். தரையில் போர்வை விரித்துக் கைக்குழந்தைகள். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பெண்கள். நடத்துபவர் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. தான் பால் கொடுத்து வளர்த்து, அப்புறம் பயிற்சி எடுத்துக்கொண்ட ஒரு தாய், தொண்டர். குடியு, லா லேச்சே லீக் போன்ற அமைப்புகள் இந்த மாதிரிக் கூட்டங்களைப் பல வருடங்களாக நடத்துகின்றன. லா லேச்சே லீக் 1956-ல் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் சில தாய்மார்கள் சேர்ந்து தொடங்கியது. அங்கேயும் அப்போது புட்டிப்பால் காலம்தான்.

பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத குழந்தையோடு ஒரு பெண் வந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. காம்பு வெடித்து ரத்தம். ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் இரவு குழந்தை ஓயாமல் அழ, "பால் பத்தவில்லை போல, கொஞ்சம் பவுடர் கொடுத்துப் பாருங்கள்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கொடுத்திருக்கிறாள், குழந்தை தூங்கியது. மறுநாளும் கொடுத்திருக்கிறாள். இப்போது நாளுக்கு நாலு புட்டி, மார்பில் வைத்தால் கத்துகிறது.

இதை நான் எங்கள் வார்டில் பார்த்த அளவுக்கு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். முதல் இரண்டு மூன்று நாள் வருவது சீம்பால், அளவு சில மில்லிதான், குழந்தையின் வயிறும் அவ்வளவுதான் கொள்ளும். இரண்டாம் இரவு குழந்தை விடாமல் சப்புவது பால் வரவழைக்கத்தான். எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு ஊறும். நடுவில் ஒரு புட்டி போனால் அந்த வேளை மார்புக்குத் தகவல் போகாது. தகவல் போகாவிட்டால் ஊறாது, ஊறாவிட்டால் இன்னொரு புட்டி. பால் பத்தவில்லை என்று தொடங்கி நிஜமாகவே பத்தாமல் போவது இப்படித்தான். திருநெல்வேலியானாலும் சரி, டப்ளினானாலும் சரி. வித்தியாசம், நம் ஊரில் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் பாட்டி "அட, வச்சுப் பாரும்மா, வரும்" என்று ஒரு அதட்டல் போடுவாள்.

அந்தத் தொண்டர் செய்ததைக் கிட்டே உட்கார்ந்து பார்த்தேன். எனக்குக் கை பரபரத்தது. நாங்களாக இருந்தால் ஒரு கையில் மார்பையும் ஒரு கையில் குழந்தை தலையையும் பிடித்து ஒரே அழுத்து, வேலை முடிந்தது. இவர் தொடவே இல்லை. மடியில் ஒரு துணிப் பொம்மையை வைத்துக் காட்டினார். குழந்தையின் வயிறு அம்மா வயிற்றோடு ஒட்ட வேண்டும். தலையைப் பின்னாலிருந்து அமுக்காமல் தோளைத் தாங்க வேண்டும். மூக்குக்கு நேரே காம்பு. மேல் உதட்டில் மெல்லத் தடவிவிட்டுக் காத்திரு, காத்திரு, வாய் கொட்டாவி மாதிரித் திறக்கட்டும். இப்போது மோவாய் முதலில் படுகிற மாதிரி அணைத்துக்கொள். மூன்று தடவை நழுவியது. நாலாவது தடவை பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் வேகமாகச் சப்பல், அப்புறம் நிதானமாக ஒரு இழுப்புக்கு ஒரு விழுங்கல். விழுங்கும் சத்தம் எனக்கே கேட்டது. காதுவரை ஏறியிருந்த அந்தப் பெண்ணின் தோள்கள் அப்படியே இறங்கின. "வலிக்கவில்லை" என்று ஆச்சரியமாகச் சொன்னாள்.

தொடாமல் சொல்லிக்கொடுப்பது மெதுவான வேலைதான். ஆனால் இன்று ராத்திரி இரண்டு மணிக்கு அந்தத் தொண்டர் பக்கத்தில் இருக்கப் போவதில்லை, அவளே செய்தாக வேண்டும். எங்கள் வார்டில் நாங்கள் வைத்துவிட்டு நகர்ந்த தாய்மார்கள் எத்தனை பேர் வீட்டுக்குப் போய்த் திணறினார்களோ.

இன்னொரு நல்ல ஏற்பாடு: ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த 72 மணி நேரத்துக்குள் பொதுச் சுகாதார நர்ஸ் வீடு தேடி வருவார். நம் கிராம சுகாதார செவிலியர் மாதிரி. குழந்தையை எடை போடுவார். பிறந்த முதல் சில நாளில் எடை கொஞ்சம் இறங்குவது இயல்பு. அதைப் பதமாகச் சொல்லத் தெரிந்த நர்ஸ் வந்தால் தாய் தப்பித்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு எண்ணை எழுதுபவர் வந்தால் அன்றைக்கே கடைக்கு ஆள் போகும் என்று கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள்.

செவ்வாய், டப்ளின்

மழை. வீட்டிலேயே இருந்தேன். ரசம் வைத்தேன், பையனுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன்.

புதன், கூட்ஹில் வழியாக எனிஸ்கில்லன்

காலையில் உறைந்த பாட்டில்களைத் தெர்மாக்கோல் பெட்டியில் அடுக்கி, இடுக்கில்லாமல் காகிதம் திணித்து ஒட்டினாள். வழக்கமாகக் கூரியரில்தான் அனுப்புவாளாம். நான் வந்திருக்கிறேன் என்பதால் கார். மாப்பிள்ளை ஓட்டினார். இருவருக்கும் இந்நாட்டுக் குடியுரிமை கிடைத்துவிட்டதால் எல்லை தாண்ட விசா கவலை இல்லை. புதிதாக வந்த நர்ஸ்களுக்கு இது முடியாது, அவர்கள் தனியாக பிரிட்டிஷ் விசா எடுக்க வேண்டும்.

டப்ளினைத் தாண்டியதும் மாடுகள். மேடு ஏறினால் மாடு, இறங்கினால் மாடு. கறுப்பு வெள்ளை ஃப்ரீசியன்கள், முட்டியளவு புல்லில். கவான் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) முழுக்கச் சின்னச் சின்னக் குன்றும் ஏரியும். வருடத்தில் எத்தனை நாளோ அத்தனை ஏரி என்பது ஊர்ப்பேச்சு.

"அத்தை, ஒரு இடம் காட்டறேன்" என்று மாப்பிள்ளை கூட்ஹில் பக்கம் திருப்பினார். சின்ன ஊர். ஊரை ஒட்டி ஒரு பெரிய ஆலை, உயர உயரமாக எஃகுக் கோபுரங்கள். அபாட் நிறுவனத்தின் குழந்தைப் பால் மாவு ஆலை. டேங்கர் லாரிகள் போகின்றன, வருகின்றன. இந்தத் தீவில் இப்படிப் பல ஆலைகள் இருக்கின்றன. தெற்கே மெக்ரூமிலும் வெக்ஸ்ஃபோர்டிலும் டனோன் நிறுவனத்துடையவை. உலகச் சந்தையில் விற்கும் குழந்தைப் பால் மாவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அயர்லாந்தில் தயாராகிறது என்று பெருமையாகச் சொல்வார்கள்.

உள்ளே நடப்பது லேசான காரியமில்லை. பசும்பாலின் புரதத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு கேசீன் (பால் திரிந்தால் கட்டியாகும் புரதம்), இருபது பங்குதான் தெளிந்த நீரில் தங்கும் மோர்த்தெளிவுப் புரதம். தாய்ப்பாலில் ஏறத்தாழ நாற்பதுக்கு அறுபது. அதனால் மோர்த்தெளிவுப் புரதம் சேர்க்க வேண்டும், பால் சர்க்கரை சேர்க்க வேண்டும், கொழுப்புக்குத் தாவர எண்ணெய்கள், வைட்டமின், இரும்பு எல்லாம் கலந்து, சூடான காற்றில் தூவி உலர்த்த வேண்டும். நோய் எதிர்ப்புப் பொருள்களை மட்டும் எந்தக் கோபுரத்திலும் காய்ச்ச முடிவதில்லை. பால் மாவை விஷம் என்று பேசுபவர்களோடு நான் சேரமாட்டேன். தாய் இல்லாத குழந்தை, தாய் சில மருந்துகள் எடுக்க வேண்டிய நிலை, இதிலெல்லாம் அது உயிர் காப்பாற்றியதை நேரில் பார்த்தவள். ஆனால் ஒரு அரசாங்கம் ஒரு கையால் தாய்ப்பால் வாரம் நடத்துகிறது, இன்னொரு கையால் பால் மாவு ஏற்றுமதியை வளர்க்கிறது. அந்தக் கோபுரங்களின் கீழே நின்று பார்த்தால் எந்தக் கைக்கு வலு அதிகம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

காரில் மாப்பிள்ளை இன்னொரு கதை சொன்னார். லிமெரிக் கவுண்டியில் ஆஸ்கீட்டன் என்று ஒரு ஊர், ஆற்றோரம் பழைய கோட்டையும் மடாலயமும் உள்ள இடம். அங்கே 1974 முதல் ஓடிய பால் மாவு ஆலையை மூடப் போவதாக நெஸ்லே 2023 அக்டோபரில் அறிவித்தது. ஐந்நூறு பேருக்கு மேல் வேலை. காரணம் அயர்லாந்துத் தாய்மார்கள் மனம் மாறியது அல்ல, சீனாவில் பிறப்பு குறைந்தது. 2016-ல் ஒரு கோடியே எண்பது லட்சமாக இருந்தது, 2023-ல் தொண்ணூறு லட்சத்துக்கும் கீழே போகும் என்று கம்பெனியே சொன்னது. எங்கோ ஒரு நாட்டில் தொட்டில் ஆடாததால் இங்கே ஒரு ஊருக்கு வேலை போகிறது.

பெல்டர்பெட் தாண்டி ஒரு பாலம். அவ்வளவுதான் எல்லை. சாவடி இல்லை, போலீஸ் இல்லை. கிலோமீட்டர் பலகை மைலாக மாறியது, சாலை ஓரக் கோடு நிறம் மாறியது. இதே இடத்தில் இருந்த பழைய பாலத்தை வட அயர்லாந்துக் கலவர காலத்தில், 1972-ல், வெடி வைத்துத் தகர்த்தார்கள். புதுப்பாலம் 1999-ல் திறந்தது. சமாதானப் பேச்சை நடத்திய அமெரிக்க செனட்டர் ஜார்ஜ் மிச்சல் பெயரை வைத்திருக்கிறார்கள்.

எனிஸ்கில்லனில் சவுத் வெஸ்ட் அக்யூட் ஆஸ்பத்திரியில் பெட்டியைக் கொடுத்தோம். ஒரு நிமிட வேலை. பெட்டியை வாங்கியவர் பையனின் கன்னத்தைத் தட்டினார்.

இந்த வங்கி 2000-ல் பக்கத்தில் இர்வின்ஸ்டவுன் என்ற குட்டி ஊரில் தொடங்கியது. தீவு முழுவதற்கும், இரண்டு நாட்டுக்கும் சேர்த்து, இது ஒன்றுதான். கொடுக்கும் தாய்க்கு முதலில் ரத்தப் பரிசோதனை: எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வகைகள், சிஃபிலிஸ். புகை பிடிக்கக்கூடாது. வந்த பாலைக் கிருமி இருக்கிறதா என்று பார்த்து, 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, உடனே குளிர்வித்து, மறுபடி உறைய வைப்பார்கள். அங்கிருந்து டப்ளின், பெல்ஃபாஸ்ட், கார்க் என்று பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்குப் போகும். கொண்டு போவதில் பிளட் பைக் தொண்டர்களுக்குப் பெரிய பங்கு. சம்பளம் வாங்காத மோட்டார் சைக்கிள்காரர்கள், ரத்தப் பை சுமக்கும் அதே ஆட்கள். எண்ணூறு, தொள்ளாயிரம் கிராமில் பிறந்த குழந்தைக்குப் பால் மாவு கொடுத்தால் குடல் அழுகும் நோய் வரும் வாய்ப்பு அதிகம். தானப் பால் அந்த ஆபத்தைக் குறைக்கிறது. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-லேயே மும்பை சயான் ஆஸ்பத்திரியில் வந்துவிட்டது. அது இங்கே யாருக்கும் தெரியவில்லை, நான் சொன்னேன்.

குழந்தையைப் பறிகொடுத்த தாய்மார்களும் கொடுப்பதுண்டு என்று அக்கா மகள் திரும்பி வரும்போது சொன்னாள். குழந்தை போன பிறகும் மார்பு ஊறிக்கொண்டுதானே இருக்கும். இதுபற்றி நாங்கள் மேலே பேசவில்லை.

வியாழன், எனிஸ்கில்லனிலிருந்து பெல்ஃபாஸ்ட்

அவர்கள் டப்ளின் திரும்பிவிட்டார்கள், நான் மட்டும் 261-ஆம் நம்பர் பஸ்ஸில் பெல்ஃபாஸ்ட். இந்தப் பக்கம் ரயில் கிடையாது, ஃபெர்மானா கவுண்டிக்கு வந்த ரயிலை 1957-லேயே நிறுத்திவிட்டார்கள். ஏர்ன் ஏரியும் தீவுகளும் ஜன்னலில் ஓடின. அக்கா மகளோடு வேலை பார்த்த மலையாளிப் பெண் ஒருத்தி வீட்டில் தங்கல். கப்பையும் மீனும் வைத்திருந்தாள்.

வெள்ளி, பெல்ஃபாஸ்ட்

பிரிட்டனிலேயே தாய்ப்பால் மிகக் குறைவு வட அயர்லாந்தில்தான். 2010-ல் எடுத்த கணக்கில் இங்கிலாந்தில் 83 சதவீதத் தாய்மார்கள் தொடங்கினார்கள், இங்கே 64. ஆறு மாதத்தில் இங்கே 16. அந்தக் கணக்கெடுப்பை 1975-லிருந்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நடத்தி வந்தார்கள், 2010-க்கு அப்புறம் நிறுத்திவிட்டார்கள். மார்க் குறைவாக வந்தால் பரீட்சையை நிறுத்துவது நல்ல யோசனைதான்.

காபிக் கடை வாசலில் ஒரு ஸ்டிக்கர்: இங்கே தாய்ப்பால் கொடுக்கலாம், வரவேற்கிறோம் என்று. பொதுச் சுகாதாரத் துறையின் திட்டம், நூற்றுக்கணக்கான கடைகள் சேர்ந்திருக்கின்றன. கடைக்காரர் எழுந்து போகச் சொல்லக்கூடாது, கழிவறையில் போய்க் கொடு என்று சொல்லக்கூடாது. ஸ்காட்லாந்தில் இதற்குத் தனிச் சட்டமே உண்டு. 2005 சட்டப்படி பொது இடத்தில் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பால் கொடுப்பதைத் தடுத்தால் குற்றம்.

எனக்கு 2015-ல் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் திறந்த பாலூட்டும் அறைகள் நினைவு வந்தன. நல்ல ஏற்பாடு, பல தாய்மார்களுக்கு உபயோகமாக இருந்தது. ஆனால் நம் ஊருக்கு அறை, இந்த ஊருக்கு ஸ்டிக்கர்தான் சரி. நமக்கு முந்தானை இருக்கிறது, பஸ்ஸில் ஒருத்தி பால் கொடுத்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அறை கூடுதல் வசதி. இங்கே ஏற்கெனவே எல்லாம் அறைக்குள்தான் நடக்கிறது. பத்து வயதுச் சிறுமி காபிக் கடையில் ஒரு தாய் பால் கொடுப்பதைப் பார்த்தால்தான் நாளைக்கு அவளுக்கு அது சாதாரணமாகத் தெரியும்.

மதியம் அந்த மலையாளிச் சேச்சி தனக்குத் தெரிந்த ஒரு தாய்-சேய் மையத்துக்குக் கூட்டிப்போனாள். வசதி குறைந்த பகுதி. தாய்ப்பால் இங்கே இன்னும் குறைவு. எங்கள் ஊரில் ஏழைகள் கொடுப்பார்கள், பணக்காரர் புட்டி வாங்குவார்கள் என்ற பழைய கணக்கு இங்கே தலைகீழ். அங்கே ஒரு பத்தொன்பது வயதுப் பெண், வயிற்றில் குழந்தை. அவளோடு அவள் அம்மா, நாற்பதுதான் இருக்கும். மையத்துப் பெண்மணி அந்த அம்மாவோடுதான் அதிக நேரம் பேசினார். ராத்திரி குழந்தை அழும்போது "ஒரு புட்டி கொடுத்துவிடு, நீ தூங்கு" என்று அன்பாகச் சொல்லப் போவது அந்த அம்மாதான். அதற்குப் பதிலாக என்ன செய்யலாம்? குழந்தையைக் குளிப்பாட்டலாம், ஏப்பம் விட வைக்கலாம், பெண்ணுக்கு ஒரு டீயும் டோஸ்ட்டும் கொண்டு போய்க் கொடுக்கலாம். "அப்போது நான் எப்போதுதான் பால் கொடுப்பது?" என்றார் பாட்டியாகப் போகிறவர், முகத்தில் ஏமாற்றம். பேரக்குழந்தைக்குப் புட்டி கொடுப்பதுதான் பாட்டியின் பாத்தியதை என்று இத்தனை நாள் இருந்திருக்கிறது. இதை நான் யோசித்ததே இல்லை.

காசு கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தாய்ப்பால் குறைந்த பகுதிகளில் கடைக் கூப்பன் கொடுத்தார்கள். ஐந்து தவணை, நாற்பது நாற்பது பவுண்டு, மொத்தம் 200. ஆறு முதல் எட்டு வார வயதில் தாய்ப்பால் குடித்த குழந்தைகள் கூப்பன் இல்லாத இடங்களில் 31.7 சதவீதம், இருந்த இடங்களில் 37.9. தாய்மாருக்கு லஞ்சமா என்று பத்திரிகைகள் திட்டின. சேச்சி சிரித்தாள்: "புட்டிக்குக் காசு செலவு பண்ணலாம், தாய்க்குக் கொடுத்தால் லஞ்சமோ?"

சனி, டப்ளின்

பெல்ஃபாஸ்ட்–டப்ளின் பஸ் இரண்டரை மணி நேரம்கூட ஆகவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு அக்கா மகளின் தோழிகள் வந்திருந்தார்கள். எல்லோரும் நம் ஊர் நர்ஸ்கள், எல்லோருக்கும் சின்னக் குழந்தைகள். வந்த புதிதில் பெற்றவள் பிள்ளைக்கு ஒன்றரை வயது வரை கொடுத்திருக்கிறாள். அவளே ஆறு வருடம் கழித்து இங்கே பெற்ற இரண்டாவது குழந்தைக்கு நாலே மாதத்தில் நிறுத்திவிட்டாள்.

தனி ஒருத்தி கதை இல்லை இது. அயர்லாந்தில் 2008-ல் ஒன்பது மாதமாக இருந்த பதினோராயிரத்துக்கும் அதிகமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து வரும் ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. அதை வைத்து ஆன் நோலன், ரிச்சர்டு லேட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த தாய்மார்கள் ஐரிஷ் தாய்மார்களைவிட அதிகம் தாய்ப்பால் கொடுக்கிறார்கள். ஆனால் இங்கே வாழ்ந்த வருடம் கூடக் கூட அந்த வித்தியாசம் குறைகிறது.

"ஏம்மா நிறுத்தின?" என்றேன்.

"வார்டில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் ஆன்ட்டி. எங்க போய் பீய்ச்சறது? எல்லாரும் 'இன்னுமா கொடுக்கறே'ன்னு கேப்பாங்க. கேட்டுக் கேட்டு நமக்கே ஒரு மாதிரி ஆயிடும்."

"சட்டம் இருக்காமே?"

யாருக்கும் தெரியவில்லை. நர்ஸ்கள்! அக்கா மகள் போனில் தேடி எடுத்து வாசித்தாள். வேலைக்குத் திரும்பிய தாய்க்கு, குழந்தைக்கு இரண்டு வயது ஆகும் வரை, நாளுக்கு ஒரு மணி நேரம் சம்பளத்தோடு பால் கொடுக்கவோ பீய்ச்சவோ விட வேண்டும். முன்பு ஆறு மாதம்தான் இருந்தது, 2023-ல் நீட்டினார்கள். ஒரு மணி நேரமாகச் சேர்த்தும் எடுக்கலாம், அரை மணியாக இரண்டு தடவை, இருபது நிமிடமாக மூன்று தடவையும் எடுக்கலாம். இடம் ஒதுக்க முடியாத முதலாளி வேலை நேரத்தைக் குறைக்க வேண்டும். எழுதிக் கேட்க வேண்டும், அதுதான் நிபந்தனை.

நாலு மாதத்தில் நிறுத்தியவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எனக்கு இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா" என்று ஆரம்பித்து, முடிக்காமல் பாயசத்தைக் கலக்கினாள்.

தோழிகள் போன பிறகு அக்கா மகள் சாப்பாட்டு மேஜையிலேயே லேப்டாப்பைத் திறந்து கடிதம் அடித்தாள். "இருபது நிமிடம் மூணு தடவை போடட்டுமா சித்தி, இல்ல அரை மணி ரெண்டு தடவையா?" மார்பு கட்டாமல் இருக்க மூன்று தடவைதான் நல்லது என்றேன். ஆனால் இருபது நிமிடத்தில் கைகழுவி, பம்ப் பொருத்தி, பாலை எடுத்துப் பாட்டிலை மூடி வைத்துவிட்டு வார்டுக்கு ஓட முடியுமா என்று அவள் கேட்டாள். அதுவும் நியாயம்தான். கடைசியில் அரை மணி இரண்டு தடவை என்று எழுதி, தோழிகள் நால்வருக்கும் அதன் நகலை அனுப்பிவிட்டுத்தான் படுத்தாள்.